பூட்டிய கைப்பேசியும் திறந்த கைப்பேசியும்

கைப்பேசி ஒன்றை விலை கொடுத்து வாங்குபவர் அதன் நிறத்தையும், ஒளிப்படக் கருவியின் திறனையும், நினைவகத்தின் கொள்ளளவையும் தவறாது கேட்டறிகிறார். அக்கருவி எந்த நிறுவனத்தின் சிம் அட்டையை ஏற்கும், எந்த அலைப்பட்டைகளில் பேசும், எந்த நாட்டுச் சந்தைக்கென அமைக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களைக் கேட்போர் மிகச் சிலரே. ஒரே பெயரும் ஒரே தோற்றமும் உடைய இரண்டு கைப்பேசிகளுள் ஒன்று நம் ஊரில் செவ்வனே இயங்குவதும், மற்றொன்று விலையுயர்ந்த கடிகாரமாக நின்றுவிடுவதும் இம்மூன்றின் விளைவாகும்.

இதன் முக்கியத்துவம் தீவுகளில் நன்கு விளங்கும். போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்தமான் தலைநகரில், கடலை நோக்கி அமைந்த மேட்டுப்பகுதி மரைன் ஹில். பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்த நார்த் பே கலங்கரை விளக்கம் இம்மேட்டிலிருந்து தென்படும். இந்நகரின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சென்னையே பெருஞ்சந்தை. ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் வாங்கிய கைப்பேசிகளும், வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் பணிபுரியும் உறவினர் அன்பளிப்பாகக் கொணர்ந்த கைப்பேசிகளும் இங்கு வந்து சேர்கின்றன. வந்த கருவி இயங்காவிடில், விற்ற கடை விமானத்தில் இரண்டு மணி நேரத் தொலைவில், கப்பலிலோ ஏறக்குறைய மூன்று நாள் தொலைவில் உள்ளது.

மற்றொரு காரணமும் உண்டு. நகருக்குள் ஒரு நிறுவனத்தின் அலை கிட்டாவிடில் வேறொன்று கிட்டும். படகேறி வெளித்தீவுகளுக்குச் செல்வோர்க்கோ சில ஊர்களில் ஒரே நிறுவனத்தின் கோபுரமே துணை; அது பெரும்பாலும் பி.எஸ்.என்.எல். கோபுரமாகவே இருக்கும். சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. தலைநகரையும், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் முதலிய வேறு ஏழு தீவுகளையும் அது இணைக்கிறது. அதற்கு முன் இத்தீவுகள் துணைக்கோள்வழித் தொடர்பையே நம்பியிருந்தன. இவ்வளவு பொருட்செலவில் கரைவரை வந்து சேர்ந்த தொடர்பு, கையிலுள்ள கருவியின் குறையால் கடைசி ஒரு கிலோமீட்டரில் அறுபடுவது வருந்தத்தக்கதே.

பூட்டின் அமைப்பு

சிம் அட்டை ஒவ்வொன்றிலும் 15 இலக்கங்கள் கொண்ட சந்தாதாரர் எண் ஒன்று பதிந்துள்ளது. இது நாம் பிறருக்குத் தரும் தொலைபேசி எண் அன்று. இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: இந்தியாவுக்கு 404, 405, ஜப்பானுக்கு 440, 441, அமெரிக்காவுக்கு 310 முதலாக உள்ள எண்கள். அவற்றை அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். பூட்டப்பட்ட கைப்பேசி, மின்னூட்டம் பெற்று விழித்தவுடன் அட்டையிலுள்ள இவ்விலக்கங்களைப் படித்துத் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் பணிபுரியும், பொருந்தாவிடில் திறவு எண்ணைக் கேட்கும். பிழையான எண்ணைப் பலமுறை இட்டால் பூட்டு நிரந்தரமாகிவிடும் கருவிகளும் உள. ஐபோன் போன்றவற்றில் பூட்டின் விவரம் கருவியைச் செய்த நிறுவனத்தின் பதிவேட்டிலேயே இருப்பதால், கடைத்தெருவில் எண் பெற்றுத் திறத்தல் இயலாது.

அத்தகைய கைப்பேசிகளுக்கென ஓர் உபாயம் சந்தையில் உலவுகிறது. காகிதம் போன்ற மெல்லிய மின்சில்லு ஒன்றைச் சிம் அட்டைக்கும் கருவிக்கும் இடையே செருகுகின்றனர். அது அட்டையின் எண்ணை மறைத்து, பூட்டுக்கு உகந்த எண்ணைக் கருவிக்குக் காட்டுகிறது. இது பூட்டைத் திறப்பதன்று, காவலனை ஏமாற்றுவது. அடுத்த மென்பொருள் புதுப்பித்தலில் அவ்வேமாற்று வெளிப்பட்டுக் கைப்பேசி மீண்டும் ஊமையாகலாம். மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய ஐபோனின் சிம் தட்டில் இத்தகைய சில்லு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தல் நன்று.

நிறுவனங்கள் பூட்டிடுவதற்குக் கூறும் காரணம் எளியது. கைப்பேசியின் விலையில் ஒரு பகுதியைத் தாமே ஏற்று, அதனை மாதக் கட்டணத்தில் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறுகின்றன. அதுவரை வாடிக்கையாளர் வேறிடம் போகாதிருக்கப் பூட்டு உதவுகிறது. நம் நாட்டில் 2003 ஜூலையில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைப்பேசி வழங்கியபோது இம்முறை பெருந்திரளான மக்களைச் சென்றடைந்தது. சி.டி.எம்.ஏ. முறையில் இயங்கிய அக்கருவிகள் அந்நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டவை. 2017இல் வெளிவந்த ஜியோபோனும் அவ்வழியினதே. 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்குக் கிடைத்த அதில் பிற நிறுவன அட்டை இயங்காது. மலிவாகப் பெற்றவர் கட்டுப்பாட்டை ஏற்பது ஒருவகையில் நியாயம் எனலாம்.

ஆனால் 2008 ஆகஸ்ட் 22ஆம் நாள் ஏர்டெல், வோடஃபோன் நிறுவனங்கள் வழியே இந்தியாவுக்கு வந்த ஐபோன் 3ஜியின் கதை வேறு. ஈராண்டு ஒப்பந்தத்தின்பேரில் அமெரிக்காவில் 199 டாலருக்குக் கிடைத்த அக்கருவி, இங்கு 31,000 ரூபாய்க்கு விற்கப்பட்டது. சலுகையும் இல்லை, பூட்டும் உண்டு. தனியார் நிறுவனங்களின் 3ஜி சேவையோ 2010ஆம் ஆண்டின் அலைக்கற்றை ஏலத்துக்குப் பின்னரே நாட்டில் தோன்றிற்று. அதனை வாங்கியோர் விலையையும் முழுமையாகக் கொடுத்து, விடுதலையையும் இழந்து, பெயரில் மட்டுமே 3ஜியைப் பெற்றனர்.

முன்பணம் செலுத்திப் பேசும் வழக்கமும், ஒரே கருவியில் இரண்டு அட்டைகள் செருகும் வழக்கமும் நம் மக்களிடையே வேரூன்றியதால் இந்தியாவில் பூட்டு நிலைபெறவில்லை. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமையும் 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் வந்தது. பிற நாடுகளில் சட்டம் குறுக்கிட வேண்டியதாயிற்று. கனடா 2017 டிசம்பரிலும், ஜப்பான் 2021 அக்டோபரிலும், பிரிட்டன் அதே ஆண்டு டிசம்பரிலும் பூட்டிய கைப்பேசி விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அமெரிக்காவில் அம்முறை இன்னும் நிலவுகிறது. ஆதலின் அங்கிருந்து வரும் கைப்பேசியையும், மேற்கூறிய நாடுகளில் அத்தேதிகளுக்கு முன் விற்கப்பட்ட பழைய கைப்பேசியையும் ஐயத்துடன் நோக்குதல் வேண்டும்.

அலைப்பட்டைகளும் அவற்றின் வடிகட்டிகளும்

பூட்டு இல்லை என்று உறுதியானால் கவலை தீர்ந்தது என்று பலர் கருதுகின்றனர். அது பாதி உண்மையே. பூட்டு மென்பொருளால் ஆனது, விரும்பினால் நீக்கலாம். அலைப்பட்டை என்பதோ கருவியின் உடலிலேயே அமைந்தது. அதனை எவராலும் பின்னர்ச் சேர்க்க இயலாது. ஏன் இயலாது என்பதை அறிதல் சுவையானது.

கைப்பேசியின் அலைவாங்கியில் வானொலி, தொலைக்காட்சி, பல நிறுவனங்களின் கோபுரங்கள் ஆகிய அனைத்தின் அலைகளும் ஒருசேர வந்து மோதுகின்றன. அவற்றுள் வேண்டிய பட்டையை மட்டும் உள்ளே விட, பட்டைக்கு ஒன்றாகத் தனித்தனி வடிகட்டிகள் தேவை. இவை லித்தியம் நியோபேட்டு, லித்தியம் டாண்டலேட்டு போன்ற படிகங்களின் மீது சீப்பின் பற்களைப் போல நுண்ணிய உலோகக் கோடுகள் இட்டுச் செய்யப்படுகின்றன. உள்ளே வரும் மின்னலையைப் படிகம் ஒலியலையாக மாற்றுகிறது. அவ்வொலி படிகத்தின் மேற்பரப்பில் வினாடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் வேகத்தில் தவழ்ந்து செல்கிறது. ஆயிரம் மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் அதன் அலைநீளம் 4 மைக்ரான்; அதாவது ஒரு மில்லிமீட்டரை 250 கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு. சீப்புப் பற்களின் இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளம் மட்டுமே வலுப்பெற்று மறுபுறம் மீண்டும் மின்னலையாக வெளிப்படும், பிற அடங்கிவிடும். இந்த இடைவெளி ஆலையில் பொறிக்கப்பட்டுவிடுகிறது. கைப்பேசி ஒன்றில் பல பத்து வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றும் இடத்தையும் விலையையும் கோருவதால், மலிவான கைப்பேசிகளில், விற்கப்படும் நாட்டுக்கு வேண்டாத பட்டைகளை விட்டுவிடுகின்றனர்.

இந்தியாவில் 4ஜி சேவை 850, 900, 1800, 2100, 2300, 2500 மெகாஹெர்ட்சுப் பட்டைகளில் நடைபெறுகிறது. பி.எஸ்.என்.எல். நிறுவனம் தன் 4ஜி சேவைக்கு 2100 பட்டையோடு 700 பட்டையையும் பயன்படுத்துகிறது. 700 மெகாஹெர்ட்சின் அலைநீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 5ஜி சேவைக்குரிய 3500 மெகாஹெர்ட்சின் அலைநீளமோ ஒன்பது சென்டிமீட்டருக்கும் குறைவு. நீண்ட அலை மேட்டின் பின்புறத்தில் ஓரளவு வளைந்து இறங்கும். மரக்கிளைகளிடையேயும் சுவர்களினூடேயும் குறைந்த இழப்புடன் செல்லும். குன்றும் காடுமாகிய அந்தமானுக்கு அது மிகவும் உகந்தது.

இங்குதான் ஏமாற இடமுண்டு. அமெரிக்கக் கைப்பேசியின் பெட்டியிலும் 700 என்று எழுதியிருக்கும். அந்த 700 வேறு, நம்முடைய 700 வேறு. இந்தியாவில் இது 28ஆம் பட்டை எனப்படுகிறது. கைப்பேசி 703 முதல் 748 வரை பேசுகிறது, கோபுரம் 758 முதல் 803 வரை விடை தருகிறது. அமெரிக்காவில் பரவலாக வழங்கும் 12ஆம் பட்டையில் கோபுரம் 729 முதல் 746 வரையிலும், 13ஆம் பட்டையில் 746 முதல் 756 வரையிலும் விடை தருகிறது. நம் கோபுரத்தின் குரல் அக்கருவியின் வடிகட்டியைத் தாண்டி உட்புகாது. ஆதலின் மெகாஹெர்ட்சைப் பார்ப்பதினும் பட்டை எண்ணைப் பார்த்தலே பாதுகாப்பு: 1, 3, 5, 8, 28, 40, 41 ஆகியவை இருத்தல் வேண்டும், 5ஜிக்கு 28உம் 78உம். உயர்விலைக் கைப்பேசிகளில் இவை பெரும்பாலும் எல்லா வகைகளிலும் உண்டு. அமெரிக்க நிறுவனங்கள் தள்ளுபடியில் விற்கும் மலிவு வகைகளிலேயே குறை நேர்கிறது.

பூட்டும் இல்லை, பட்டையும் உண்டு. ஆயினும் இயங்காத நிலை ஒன்று உண்டு. 4ஜி வழியே குரலை அனுப்பும் வோல்டி முறைக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரிய அமைப்புகள் கைப்பேசியின் மென்பொருளில் இருத்தல் அவசியம். ஜியோ நிறுவனத்துக்கு 2ஜியோ 3ஜியோ இல்லை. ஆகவே அவ்வமைப்பு இல்லாத கைப்பேசியில் இணையம் வரலாம், சாதாரண அழைப்பு வராது. 2022 அக்டோபர் 1ஆம் நாள் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது, தகுந்த வடிகட்டிகள் கொண்ட ஐபோன்களும் அவ்வாண்டு டிசம்பரில் மென்பொருள் புதுப்பிப்பு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி நிறுத்தப்பட்டபோது, அவசர அழைப்பை 4ஜியில் செய்ய இயலாத கைப்பேசிகள், வெளிநாட்டில் வாங்கியவை உட்பட, சேவையிலிருந்தே விலக்கப்பட்டன.

ஒரே பெயர், பல வகை

ஒரே பெயருள்ள கைப்பேசி நாட்டுக்கு நாடு வேறுபடுவதற்குச் சில எடுத்துக்காட்டுகள் போதும். சாம்சங் நிறுவனத்தின் கேலக்சி எஸ்24, இந்தியாவில் எக்சினாஸ் 2400 என்னும் செயலியுடனும், அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் செயலியுடனும் விற்கப்பட்டது. ஜப்பானில் விற்கப்படும் ஐபோனில் படமெடுக்கும் ஓசையை அடக்க முடியாது. சீனப் பெருநிலத்தின் ஐபோன்களில் இரண்டு சிம் அட்டைகளையும் செருகலாம். அமெரிக்காவிலோ, 2022இல் வெளிவந்த ஐபோன் 14 முதல், அட்டை செருகும் தட்டே கிடையாது. மின்வழி இறக்கிக்கொள்ளும் இ-சிம் மட்டுமே உண்டு. பி.எஸ்.என்.எல். இ-சிம் வழங்கத் தொடங்கியது 2025இல்தான். அதுவரை அமெரிக்க ஐபோன் 14ஐ வைத்திருந்த தீவுவாசிக்கு, அது பூட்டில்லாக் கருவியாயினும், வெளித்தீவுகளில் அது பயன்பட்டிருக்காது.

இவ்வேறுபாடுகளைக் கண்டறியும் வழி கடினமன்று. ஐபோனில் அமைப்புகளுக்குள் ‘அபவுட்’ பகுதியில் மாதிரி எண் கிடைக்கும். ஐபோன் 14இன் அமெரிக்க வகை ஏ2649, நம் நாட்டுவகை ஏ2882. அதே பகுதியில் ‘கேரியர் லாக்’ என்பதன் எதிரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்றிருந்தால் பூட்டில்லை. சாம்சங் மாதிரி எண் ‘யு’ என்று முடிந்தால் அமெரிக்கச் சேவை நிறுவனத்துக்கெனச் செய்தது. ‘யு1’ என்று முடிந்தால் அமெரிக்காவில் பூட்டின்றி விற்றது. எக்கருவியிலும் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க அடையாள எண் தோன்றும். அதன் முதல் எட்டு இலக்கங்கள் செய்தவரையும் வகையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்னும் மூன்றெழுத்துகளை இட்டு, ஓர் இடைவெளி விட்டு, அவ்வெண்ணை 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அக்கருவியின் விவரமும், அது தடைசெய்யப்பட்டதா என்பதும் மத்தியப் பதிவேட்டிலிருந்து தெரியவரும். பழைய கைப்பேசியைக் கைமாற்றாக வாங்குவோர் பணம் தருமுன் இதனைச் செய்தல் வேண்டும்.

வெளிநாட்டு உறவினர்க்கும் ஒரு குறிப்பு. அன்பளிப்பின் முத்திரை கலையாதிருக்க வேண்டும் என்று பெட்டியைத் திறவாமலே கொண்டுவருவது வழக்கம். சாம்சங் கைப்பேசிகளில் 2013ஆம் ஆண்டின் கேலக்சி நோட் 3 முதல் பிராந்தியப் பூட்டு என்ற ஒன்று புகுந்தது. புதிய கருவியை, விற்ற பிராந்தியத்தின் சிம் அட்டையிட்டு முதலில் சில நிமிடம் பேசினாலன்றி, அது வேற்றுப் பிராந்திய அட்டையை ஏற்காது. பெட்டியில் இது குறித்த ஒட்டுச்சீட்டு இருக்கும். அத்தகையதை அங்கேயே பிரித்து, அவ்வூர் அட்டையில் ஓர் அழைப்பு பேசிவிட்டுக் கொணர்வது நலம். திறவாது வந்துவிட்ட கைப்பேசியிலும், வடிகட்டிகள் பொருந்துமாயின், 112 என்னும் அவசர எண்ணை அழைக்க முடியும். அவ்வழைப்பைப் பூட்டு தடுப்பதில்லை, அருகிலுள்ள எந்த நிறுவனத்தின் கோபுரமும் அதனை ஏற்கும்.