பயந்தாங்கொள்ளியின் பாட்டு

1960-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க வானொலியில் ஒலித்த காதற் பாட்டுகளிற் பல, மார்பை நிமிர்த்தித் திரியும் வாலிபனுடைய வீறாப்புப் பேச்சாகவே இருந்த காலத்தில், டெக்ஸாஸ் மாகாணத்தின் வறண்ட மேற்குக் கோடியில் எண்ணெய்க் கிணறுகளை நம்பிப் பிழைத்த விங்க் என்ற சிற்றூரிலே வளர்ந்த ராய் ஆர்பிசன், தனக்குப் பயமாயிருப்பதையும் அழுகை வருவதையும் கூச்சமின்றிப் பாட முன்வந்தார்.

மெம்ஃபிஸ் நகரின் ஸன் கம்பெனியில் துள்ளாட்டப் பாட்டுகள் பாடிப் பார்த்து, அதிகம் சோபிக்காமல் நாஷ்வில் சேர்ந்த அவர், ஜோ மெல்சனுடன் கூடி எழுதிய 'ஒன்லி தி லோன்லி'யை முதலில் பிறரிடம் கொடுக்க முயன்று, அது பலிக்காமற் போகவே 1960-இல் தாமே பாடினார். பிரபல்யம் அதனோடுதான் வந்தது.

அடுத்த ஆண்டு வெளியான 'ரன்னிங் ஸ்கேர்ட்' என்ற பாட்டைச் சற்று நின்று கேட்க வேண்டும். காதலியோடு செல்லும் ஒருவன், அவளுடைய பழைய காதலன் எந்த நிமிஷத்தில் எதிரே வந்து நிற்பானோ, வந்தால் அவள் யார் பக்கம் போவாளோ என்று உள்ளூர நடுங்குகிறான், விஷயம் அவ்வளவே. கிதார் மெல்ல ஒலிக்க, தணிந்த குரலில் ஆரம்பிக்கிறார். ஸ்பானிய பொலேரோ நடையில் தாளம் ஒரே சீராகச் சென்றுகொண்டிருக்க, வாத்தியங்கள் வந்து சேர, பின்பாட்டுக்காரர்களும் வயலின்களும் மேலும் மேலும் குவிய, பல்லவிக்குத் திரும்பி மூச்சு வாங்கிக்கொள்ளாமலே பாட்டு முழுவதும் ஒரே ஏற்றமாக ஏறுகிறது. பழைய காதலன் வந்தே விடுகிறான். அவளோ பாடுகிறவனோடு புறப்பட்டுவிடுகிறாள்! குரல் உச்ச ஸ்தாயியை எட்டியதும் பாட்டும் முடிகிறது. ஒலிப்பதிவில் அந்தச் சுரத்தை முதலில் கள்ளத்தொண்டையில் பாடினாராம். வாத்திய கோஷத்தில் அது அமிழ்ந்துபோகவே, தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃபாஸ்டரின் வற்புறுத்தலால் மெய்க்குரலிலேயே முழங்கினார். ஜயித்தவன் பாட்டுத்தான், இருந்தும் அதைக் கேட்டு ஆனந்தக் கூத்தாடியவர் எவரையும் நான் கண்டதில்லை. அடக்கிவைத்த பயமெல்லாம் அந்த ஒரு சுரத்தில் உடைவதால், நம் தொண்டையன்றோ அடைத்துக்கொள்கிறது!

1963-இல் வந்த 'இன் ட்ரீம்ஸ்' இன்னும் விசித்திரம்: மூன்று நிமிஷத்துக்குள் அடுத்தடுத்துப் புதுப் புது மெட்டாக நகர்ந்து, பாடிய பகுதி எதையும் திரும்பப் பாடாமலே முடிந்துவிடுகிறது.

இத்தனை கொந்தளிப்பையும் அவர் மேடையில் அசையாமல் நின்று பாடினார். அதே ஆண்டில் பீட்டில்ஸ் கோஷ்டியோடு இங்கிலாந்தில் பாடச் சென்றபோது, மூக்குக் கண்ணாடியை விமானத்தில் மறந்துவிட்டமையால், கைவசமிருந்த கறுப்புக் கண்ணாடியை அணிய நேர்ந்தது. பிறகு அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது. முகபாவமும் அங்க சேஷ்டையும் இல்லாதபோது, சபையோருக்குப் பற்றிக்கொள்ளக் குரலைத் தவிர வேறென்ன இருக்கிறது?

1966-இல் மனைவி மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். 1968-இல் வீடு தீப்பற்றிப் புதல்வர் இருவர் மாண்டனர். அந்தத் துயரமே பாட்டாயிற்று என்று உருகுவோர் உண்டு. மேற்சொன்ன பாட்டுகள் யாவும் 1964-க்கு முன்பே பிறந்தவை என்பதைப் பஞ்சாங்கம் பார்த்தாவது அவர்கள் தெரிந்துகொள்ளலாம். சோகத்தை அவர் பயின்று, திட்டமிட்டு, சுரம் சுரமாகக் கட்டினார். விதி பின்னால்தான் வந்தது.