கரைப்பானைத் தேரும் கலை

ரசாயன சாலையில் தயாராகும் கரிமப் பதார்த்தம் பெரும்பாலும் அசுத்தங்களோடு கலந்தே கைக்கு வருகிறதாதலால், அதைக் கொதிக்கும் திரவமொன்றில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, மெல்ல ஆறவிட்டுப் படிகங்களாகத் திரும்பப் பெறுவதே அதைச் சுத்தி செய்வதற்குரிய பழைய மார்க்கமாகும். கொதிக்கையில் தாராளமாகவும், குளிர்ந்தபின் சொற்பமாகவும் கரைக்கும் திரவமே இதற்கு உகந்தது.

பென்சாயிக் அமிலத்தைப் பாருங்கள்: ஒரு லிட்டர் கொதிநீரில் சுமார் 56 கிராம் கரையும் அது, 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 3.4 கிராமே கரைவதால், நீர் ஆற ஆற, ஐம்பது கிராமுக்கு மேற்பட்ட அமிலம் வெண்ணிறப் படிகங்களாகப் பாத்திரத்தில் மலர்வது கண்ணுக்கு ஓர் ஆனந்தம்.

இப்பொருத்தத்தை முன்கூட்டியே அனுமானிக்க இயலுமா? இனம் இனத்தோடு சேரும் என்பதே ஆதார விதி. அவ்வமிலத்தின் பென்சீன் வளையம் நீரை விலக்க, கார்பாக்சில் தொகுதியோ நீரை நாடுகிறது. இவ்வுறவை எண்களில் அளக்க முயன்ற ஹில்டிபிராண்டின் வழியைத் தொடர்ந்து, 1967-இல் சார்லஸ் ஹான்சன், மூலக்கூறுகளின் ஈர்ப்பைச் சிதறல் விசை, முனைவுத்தன்மை, ஹைட்ரஜன் பிணைப்பு என மூன்றாகப் பகுத்து, அம்மூன்றிலும் பதார்த்தத்தை நெருங்கிநிற்கும் திரவமே அதை நன்கு கரைக்குமென்று வகுத்தார். ஆயினும், உஷ்ணம் ஏறக் கரைதிறன் எவ்வளவு ஏறுமென்பதை இவ்வெண்கள் மட்டும் உரைத்துவிடா. ஆகவே, அனுமானம் சுட்டிய நாலைந்து திரவங்களில் ஒவ்வொரு சிட்டிகை இட்டு, சோதனைக் குழாயில் சூடாக்கி ஆற்றிப் பார்த்தே முடிவு காணவேண்டும்.