ஒரு முறை அளந்தால் போதாதா?

"வீட்டில் பார்த்தபோது 150 இருந்தது, இங்கே 132 என்கிறீர்கள். எது சரி, டாக்டர்?" வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இரண்டுமே சரியாக இருக்கலாம். மாடிப்படி ஏறியது, காபி அருந்தியது, சிறுநீரை அடக்கியிருந்தது, ஏன், அளக்கும்போது பேசியதுகூட இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஆகவே தனியான ஓர் அளவு, பகடையை ஒரு முறை உருட்டியதற்கு ஒப்பாகும்.

ஒரு பகடையில் 1 முதல் 6 வரை எல்லா எண்களுக்கும் சம வாய்ப்பு உண்டு. இரண்டை உருட்டிக் கூட்டினால் நிலைமை மாறுகிறது. மொத்தமுள்ள 36 வழிகளுள் 2 வருவதற்கு ஒரே வழி, 12க்கும் அவ்வாறே, 7க்கோ 6 வழிகள். ஒன்று உயரும்போது மற்றொன்று தாழ்ந்து ஈடுசெய்ய இடமிருப்பதால் நடுப்பகுதி திரள்கிறது. ஒன்றையொன்று சாராத 4 அளவுகளின் சராசரியில் ஏற்ற இறக்கம் பாதியாகிறது. 16 எடுத்தால் கால் பங்காகிறது. அடுத்தடுத்து எடுக்கும் அளவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால்தான் பல நாட்களில் பரவலாக அளக்கச் சொல்கிறோம்: 7 நாட்கள், காலையும் மாலையும், 5 நிமிட ஓய்வுக்குப்பின், 1 நிமிட இடைவெளியில் இருமுறை. முதல் நாளை விடுத்து, எஞ்சிய 24 அளவுகளின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம் எனக் கொள்கிறோம்.

சில குடும்பத்தினர் இரண்டு அளவுகளுள் குறைந்ததை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவருகின்றனர். நல்லெண்ணம்தான், ஆனால் அது சராசரி ஆகாது. இரு பகடைகளில் சிறிய எண்ணையே எடுத்துக்கொண்டால் 36 வழிகளுள் 11இல் 1 கிடைக்கும். 6 கிடைப்பதோ ஒரே வழியில். அத்தகைய குறிப்பேட்டை நம்பி நாங்கள் மாத்திரையைக் குறைத்தால், அடுத்து நோயாளியைப் பக்கவாதத்துடன் காண நேரலாம். எல்லா எண்களையும் எழுதுங்கள், பிடிக்காதவற்றையும்.

கூட்டிச் சராசரி காண்பதால் நீங்காத பிழையும் உண்டு. கையின் பருமனுக்குச் சிறிதான பட்டை ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே காட்டும். நூறு முறை அளந்தாலும் அது சரியாகாது. அடுத்த வருகையின்போது உங்கள் கருவியைக் கொண்டுவந்தால் எங்களுடையதோடு ஒப்பிட்டுத் தருவோம்.

ஓர் அளவைக் கண்டு மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். எனினும் 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் சராசரிக்குக் காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.