மருந்தல்ல, விருந்து: சிகரெட் விளம்பரங்களின் கதை

சிகரெட் நெஞ்சுக்கு ஆகாது என்பது ஆய்வுகள் வருமுன்பே அமெரிக்கர்களுக்குத் தெரியும். ‘சவப்பெட்டி ஆணி’ என்ற பட்டப்பெயர் 19ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு உண்டு. தெரிந்தேதான் பிடித்தார்கள். அந்தப் பயத்தையே விளம்பரக்காரர்கள் சரக்காக்கினார்கள்: மற்ற சிகரெட் தொண்டையைக் கெடுக்கும், எங்களுடையது கெடுக்காது.

1930இல் லக்கி ஸ்டிரைக்கைத் தயாரித்த நிறுவனம், தன் சிகரெட் தொண்டையை அவ்வளவாக உறுத்துவதில்லை என்று 20,679 மருத்துவர்கள் சொன்னதாக விளம்பரம் செய்தது. இருபதாயிரம் என்று முழுதாகச் சொல்லாமல் சில்லறையோடு சொன்னால் நம்பிக்கை கூடும் என்பது பழைய கடைக்காரத் தந்திரம். அந்த மருத்துவர்களுக்குக் கேள்வியோடு இலவச சிகரெட்டும் போயிருந்தது. 1946இல் கேமல் சிகரெட்டும் இந்தக் களத்தில் இறங்கியது. மருத்துவர்கள் அதிகம் பிடிப்பது கேமலைத்தான் என்றது. மருத்துவ மாநாட்டுக்கு வருபவர்களுக்கு வாசலில் கேமல் பாக்கெட்டை இனாமாகக் கொடுப்பார்கள். வெளியே போகும்போது, பையில் இருப்பது என்ன சிகரெட் என்று கேட்பார்கள். வேறு எந்தப் பதில் வரும்?

இந்தக் கூத்துக்கு நடுவே லோரிலார்ட் நிறுவனத்தின் ஓல்ட் கோல்ட் சிகரெட் மட்டும் வேறு பாட்டுப் பாடியது. நாங்கள் புகையிலைக்காரர்கள், வைத்தியர்கள் இல்லை. எங்களிடம் கிடைப்பது மருந்தல்ல, விருந்து என்ற பொருளில் மற்ற நிறுவனங்களைக் கிண்டலடித்தது. சிகரெட் விளம்பர வரலாற்றில் உண்மைக்குச் சற்றேனும் பக்கத்தில் வந்தது இதுதான்.

அந்த வீறாப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1950இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெளியான ஆய்வுகள் புகைப்பழக்கத்தை நுரையீரல் புற்றுநோயோடு சேர்த்துக் காட்டின. 1952இல் அதே லோரிலார்ட், கென்ட் என்ற ஃபில்டர் சிகரெட்டோடு கடைக்கு வந்தது. அதன் ‘மைக்ரோனைட்’ ஃபில்டரைப் போல உடல்நலத்தைக் காப்பது வேறில்லை என்று விளம்பரம் முழங்கியது. ஃபில்டருக்குள் இருந்தது நீல ஆஸ்பெஸ்டாஸ். நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்கும் அதே இழை. 1956 வரை அந்த ஆஸ்பெஸ்டாஸ் ஃபில்டர் சந்தையில் இருந்தது. மாசசூசெட்ஸில் 1953இல் அந்த ஃபில்டருக்கான பொருளைத் தயாரித்த தொழிலாளர்களில் 33 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1989இல் வெளியானபோது, 28 பேர் இறந்துபோயிருந்தார்கள்.

1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரியின் அறிக்கை புகைப்பழக்கம் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதி செய்தது. 1966 முதல் பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் ஏறியது. உடல்நலம் என்ற சொல்லை இனி வெளிப்படையாகச் சொல்ல வழியில்லை. சொல்லாமல் சொல்ல ‘லைட்’ வந்தது.

லைட் சிகரெட்டின் சூட்சுமம் ஃபில்டரைச் சுற்றியுள்ள ஊசித்துளைகள். இழுக்கும்போது அவற்றின் வழியே காற்று புகுந்து புகை நீர்த்துப்போகும். அளவெடுக்கும் இயந்திரம் ஒரே சீராக இழுப்பதால் தார் குறைவாகவே பதிவாகும். மனிதன் இயந்திரமில்லையே! அவனுடைய விரலும் உதடும் துளைகளை மூடிவிடும். உடம்பு கேட்கும் நிகோட்டின் கிடைக்கும்வரை ஆழமாக இழுப்பான், இன்னொன்றும் பற்றவைப்பான். லைட்டுக்கு மாறியதால் ஆபத்து குறைந்ததற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2001இல் தெரிவித்தது. அதற்குள், சிகரெட்டை விட்டுவிடலாம் என்று நினைத்த பலர், லைட்டுக்கு மாறிவிட்டோமே என்ற ஆறுதலில் பழக்கத்தைத் தொடர்ந்திருந்தார்கள். விளம்பரம் அவர்களுக்கு விற்றது இந்தச் சாக்கைத்தான்.

2010 ஜூனில் ‘லைட்’, ‘மைல்ட்’ போன்ற சொற்களுக்கு அமெரிக்கா தடை விதித்தது. மார்ல்பரோ லைட்ஸ், ‘மார்ல்பரோ கோல்ட்’ ஆனது. பாக்கெட்டின் தங்க நிறம் அப்படியே இருந்ததால், வாங்குபவர்களுக்குத் தங்கள் சிகரெட்டைக் கண்டுபிடிப்பதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.