கத்தி படுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

நம் இல்லங்களில் எத்தனையோ நோய்களைப் பற்றி உரையாடுகிறோம். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் மூட்டுவலியும் உணவு வேளையிலும் பேசப்படுகின்றன. ஆனால் பெண்ணின் மார்பகத்தைப் பற்றிய பேச்செழுந்தால், தாயும் மகளுங்கூட வாய் திறக்கத் தயங்குகின்றனர். இத்தயக்கத்திற்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. கட்டி தோன்றியதை மறைத்து வைத்துக் காலம் கடந்தபின் மருத்துவரை நாடும் பெண்கள் நம்மிடையே உண்டு. அவ்வாறே, தன் உடலமைப்பைக் குறித்து உள்ளுக்குள் வருந்தும் இளம்பெண் வீட்டில் யாரிடமும் கேட்க இயலாமல், விளம்பரத்தின் சொல்லை நம்பி முடிவெடுக்கும் நிலையும் வந்துவிட்டது.

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை அயல்நாட்டுத் திரைப்பட நடிகையருக்கு மட்டும் உரியது என்று இன்று ஒதுக்கிவிட முடியாது. நம் நகரங்களிலும் அது நடைபெறுகிறது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மார்பகச் சீரமைப்புக்கென இலவசச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. செல்வர் பெறும் சிகிச்சை ஏழைக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும் என்று அரசுத் தரப்பில் கேட்கப்பட்டது. உயிர் காக்கும் சிகிச்சைகள் காத்திருக்க இது தேவைதானா என்று வேறு சிலர் கேட்டனர். அந்த வழக்கில் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. இச்சிகிச்சையைச் செய்துகொள்ள எண்ணும் பெண்ணும், அவ்வெண்ணத்தைச் செவிமடுக்கும் தாயும் கணவரும் அறிந்திருக்க வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறவே விழைகிறோம்.

கேளாமல் கிடைத்த சிகிச்சை

மார்பகத்தைச் செயற்கையாக நிரப்பும் முயற்சி பழமையானது. 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் செர்னி என்னும் மருத்துவர், கட்டி அகற்றப்பட்ட ஒரு பெண்ணின் மார்பகத்தை, அவர் உடலிலேயே வேறோரிடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியைக் கொண்டு நிரப்பினார். பின்னர்ப் பாரஃபின் மெழுகை ஊசி வழியே செலுத்தும் முறை பரவியது. அது உடலுக்குள் இறுகியும் இடம்பெயர்ந்தும் பலருக்குத் துன்பம் விளைத்ததால் கைவிடப்பட்டது.

இன்றைய முறை பிறந்தது 1962-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். பிளாஸ்டிக் பையில் இருந்த இரத்தத்தைக் கையால் அழுத்திப் பார்த்த பிராங்க் ஜெரோ என்னும் மருத்துவர், அதன் மென்மை பெண்ணின் மார்பகத்தை ஒத்திருப்பதை உணர்ந்தார். அவரும் தாமஸ் குரோனின் என்பவரும் சேர்ந்து சிலிக்கோன் கூழ் நிரம்பிய பையை உருவாக்கினர். முதலில் ஒரு நாய்க்குப் பொருத்திப் பார்த்தனர். பிறகு ஒரு பெண்ணுக்குப் பொருத்தினர்.

அப்பெண் ஆறு குழந்தைகளின் தாய். மார்பில் குத்தியிருந்த பச்சையை அகற்றிக்கொள்ளவே அவர் மருத்துவமனைக்குச் சென்றிருந்தார். பெரிய மார்பகம் வேண்டுமென்று அவர் கேட்டதில்லை. மருத்துவர்களே அதைப் பற்றிக் கூறியபோது, தம் காதுகள் வெளியே துருத்திக்கொண்டிருப்பதைச் சரிசெய்வதையே தாம் விரும்புவதாகச் சொன்னார். காதையும் சரிசெய்வதாக மருத்துவர்கள் கூறவே, அவர் இசைந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் செய்தியாளர்களிடம் அவரே இதைக் கூறியிருக்கிறார்.

இச்சிறு நிகழ்ச்சியை நாம் மறக்கலாகாது. இச்சிகிச்சையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. இதை விரும்புவது யார்? அப்பெண்ணா, அவளைச் சுற்றியிருப்போரா?

சிகிச்சை நடைபெறும் விதம்

மார்பகத்தின் கீழ்மடிப்பிலோ, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்திலோ, அக்குளிலோ சிறு வெட்டு இட்டு, மார்பகத் திசுவுக்கோ மார்புத் தசைக்கோ பின்னால் பை ஒன்றை வைத்துத் தைக்கின்றனர். பையின் உறை சிலிக்கோனால் ஆனது. உள்ளே உப்புநீரோ சிலிக்கோன் கூழோ இருக்கும். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்தே செய்கின்றனர். ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் சிகிச்சை முடிந்துவிடும். பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகின்றனர். ஆயினும் சில வாரங்களுக்கு நீர்க்குடம் தூக்குவதும், குழந்தையை இடுப்பில் சுமப்பதும், கடின வேலை செய்வதும் கூடா. கையுதவிக்கு ஆளில்லாத வீட்டில் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பை மார்பகத்தைப் பெரிதாக்குமேயன்றித் தளர்ந்ததைத் தூக்கி நிறுத்தாது. அதற்கு வேறு அறுவை சிகிச்சை உண்டு. தம் உடலிலிருந்தே கொழுப்பை உறிஞ்சி மார்பகத்தில் செலுத்தும் முறையும் வழக்கில் உள்ளது. அதில் ஒரு பகுதியை உடல் மீண்டும் ஈர்த்துக்கொள்வதால், மறுமுறை செய்ய நேரிடலாம். பையின்றித் திரவ சிலிக்கோனை நேரடியாக ஊசியால் ஏற்றுவதாக எவரேனும் கூறினால், அவ்விடத்தை விட்டு எழுந்து வந்துவிடுவதே அறிவுடைமை. களிம்பும் மாத்திரையும் மார்பகத்தை நிலையாக வளர்க்கும் என்னும் விளம்பரங்களையும் நம்பற்க.

ஆயுள் முழுதும் இருப்பதன்று

ஒருமுறை செலவு செய்தால் கவலை தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். இங்கேதான் பெரும் ஏமாற்றம் காத்திருக்கிறது. பொருத்தப்படும் பை ஆயுள் முழுதும் நிலைத்திருக்கும் பொருளன்று. அழகுக்காகப் பொருத்திக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பத்தாண்டுகளுக்குள் அதை அகற்ற நேரிடுகிறதென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-இல் தெரிவித்தது. இருபத்தைந்து வயதில் பொருத்திக்கொள்ளும் பெண், வாழ்நாளில் மேலும் ஓரிரு முறை கத்திக்கு உடலைக் கொடுக்க நேரிடலாம் என்று கருதியே முடிவு செய்ய வேண்டும்.

ஏன் அகற்ற நேரிடுகிறது? அயற்பொருள் எதுவாயினும் உடல் அதைச் சுற்றி ஒரு சவ்வை வளர்க்கிறது. இஃது இயல்பே. ஆனால் சிலருக்கு அச்சவ்வு இறுகிப் பையை நெருக்குகிறது. மார்பகம் கல்லாகி வலிக்கிறது, உருவம் திரிகிறது. இனி, பை கிழிவதும் உண்டு. உப்புநீர்ப் பை கிழிந்தால் மார்பகம் சுருங்கிவிடுவதால் உடனே தெரியும். சிலிக்கோன் கூழ்ப் பை கிழிந்தாலோ ஆண்டுக்கணக்கில் தெரியாமலே இருக்கலாம். அதனால்தான் கூழ்ப் பை பொருத்தியவர்கள் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் ஒருமுறையும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. சோதனை செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். அச்செலவும் கணக்கில் சேர வேண்டும். அழகுக்கான சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

தொற்று, இரத்தக்கட்டு, காம்பில் உணர்ச்சி குறைதல் ஆகியவையும் நேரலாம். அரிதாக, பையைச் சுற்றிய சவ்வில் ஒருவகை நிணநீர்த் திசுப் புற்றுநோய் தோன்றுகிறது. மேற்பரப்பு சொரசொரப்பாக உள்ள பைகளிலேயே இது பெரிதும் காணப்பட்டது. 2019-ஆம் ஆண்டு ஜூலை வரை உலகெங்கும் 573 பெண்களுக்கு இந்நோய் கண்டதாகவும், 33 பேர் இறந்ததாகவும் அறிவிக்கப்பட்டு, அவ்வகைப் பைகளில் ஒன்று சந்தையினின்று திரும்பப் பெறப்பட்டது. பொருத்தி ஆண்டுகள் பல கழிந்தபின் மார்பகம் திடீரென வீங்கினால் வாளாவிருத்தல் கூடாது. வேறு சிலர் ஓயாத களைப்பு, மூட்டுவலி, மறதி ஆகியவற்றால் வருந்துவதாகக் கூறுகின்றனர். காரணம் தெளிவாக நிறுவப்படவில்லை. எனினும் பையை அகற்றியபின் நலமடைந்தோர் உண்டு. இவற்றையெல்லாம் முன்னரே எழுத்தில் எடுத்துக்கூறி, ஒவ்வொன்றையும் பெண் படித்து உணர்ந்தபின்பே சிகிச்சை செய்ய வேண்டும் என 2021-இல் அமெரிக்க நிர்வாகம் கட்டளையிட்டது.

தாய்ப்பாலும் புற்றுநோய்ச் சோதனையும்

மார்பகம் சிறிதாயிருந்தால் பால் சுரக்காது என்னும் அச்சம் நம் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. பெண் பார்க்க வருவோர் கண்ணாலே எடைபோடுவதும் இவ்வச்சத்தினாலேதான். இஃது உண்மையன்று. மார்பகத்தின் பருமனைப் பெரிதும் அமைப்பது கொழுப்பு. பாலைச் சுரப்பது சுரப்பித் திசு. சிறிய மார்பகமுடைய தாய்மார் எண்ணற்றோர் தம் குழந்தைகளுக்கு வயிறார ஊட்டியிருக்கின்றனர்.

சிகிச்சை செய்துகொண்டோர் பலரால் பாலூட்ட முடிகிறது. சிலருக்குப் பால் குறைகிறது, சிலருக்கு ஊட்டவே இயலாமற் போகிறது. கருவட்ட ஓரத்தில் வெட்டினால் பால்நாளங்களும் நரம்புகளும் பாதிக்கப்படும் வாய்ப்பு மிகுதி. மேலும், கருவுறுங்காலத்தில் மார்பகத்தின் உருவம் தானாகவே மாறுமாதலால், விரைவில் தாயாக எண்ணுபவர் பொறுத்திருப்பதே நலம்.

பை இருக்கும் மார்பகத்தில் மாமோகிராம் எடுக்கும்போது திசுவின் ஒரு பகுதி மறைந்துவிடும். ஆகவே பையை ஒதுக்கிக் கூடுதற் படங்கள் எடுக்க வேண்டும். சோதனைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் பை இருப்பதைத் தயங்காமல் கூறிவிட வேண்டும்.

பொருளும் மருத்துவரும்

பிரான்சு நாட்டில் பி.ஐ.பி. என்ற நிறுவனம், மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைகளில் பயன்படும் சிலிக்கோனைப் பைகளில் நிரப்பி விற்றது. 2010-இல் குட்டு வெளிப்பட்டது. 65 நாடுகளில் ஏறத்தாழ 3,00,000 பெண்கள் அவற்றைப் பொருத்தியிருந்ததாக மதிப்பிடப்பட்டது. தன் நாட்டில் அவற்றைப் பொருத்தியிருந்த 30,000 பெண்களும் அகற்றிக்கொள்ளுமாறு பிரெஞ்சு அரசு அறிவுறுத்தியது. 2013-இல் அதன் நிறுவனருக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்பெண்கள் செய்த பிழை யாதுமில்லை. தம் உடலுக்குள் வைக்கப்படுவது யாதென்று அறிய அவர்களுக்கு வழியில்லாமற் போயிற்று.

ஆகவே மருத்துவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்கத் தயங்க வேண்டா.

பிளாஸ்டிக் அறுவை மருத்துவத்தில் எம்.சிஎச். அல்லது அதற்கு நிகரான பட்டம் பெற்றவரா? மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா?

மயக்க மருந்து கொடுப்பவர் அத்துறை மருத்துவர்தாமா? அவசரம் நேர்ந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா?

பையைச் செய்த நிறுவனம் எது? மேற்பரப்பு வழவழப்பானதா, சொரசொரப்பானதா? பையின் எண் பொறித்த அட்டையை நம்மிடம் தருவார்களா?

பின்னாளில் அகற்ற நேர்ந்தால் செய்பவர் யார்? செலவு எவ்வளவு? அகற்றியபின் மார்பகம் எவ்வாறிருக்கும்?

இவற்றிற்குப் பொறுமையாக விடை கூறாதவர், அல்லது இன்றே முன்பணம் கட்டினால் சலுகை உண்டு என்பவர், நாம் நாட வேண்டிய மருத்துவர் அல்லர்.

எவருக்கு, எப்போது?

வளரும் பருவத்துப் பெண்ணுக்கு இச்சிகிச்சை ஆகாது. அமெரிக்காவில் அழகுக்காகப் பொருத்துவதற்கு உப்புநீர்ப் பையெனில் 18 வயதும், சிலிக்கோன் கூழ்ப் பையெனில் 22 வயதும் நிறைந்திருக்க வேண்டுமென வரையறுத்துள்ளனர். இரண்டு மார்பகங்களும் சிறிதளவு வேறுபட்டிருத்தல் பெரும்பாலான பெண்களுக்கு இயல்பே. ஆனால் ஒரு பக்கம் வளராமலே நின்றுபோன பெண்ணின் துயரம் வேறு. அதை வீண் ஆடம்பரம் என்று சொல்லி வாயடைத்தல் கொடுமை.

புற்றுநோயால் மார்பகத்தை இழந்த தாய்மாரின் நிலையும் அவ்வாறே. அவர்களுக்குப் பை கொண்டோ, வயிறு அல்லது முதுகின் சதையைக் கொண்டோ மார்பகத்தை மீண்டும் அமைக்க இயலும். அறுவை வேண்டாதோர்க்கு உள்ளாடைக்குள் அணியும் செயற்கை மார்பகங்களும் உள்ளன. "இந்த வயதில் இனி எதற்கு?" என்று உறவினர் கூறும் ஒரு சொல், நோயைவிட ஆழமாகக் காயப்படுத்தக்கூடும். வேண்டுமா வேண்டாவா என்பதை அத்தாயே முடிவு செய்யட்டும்.

இத்தகைய சிகிச்சையைப் பற்றித் திருச்சபை யாது கருதுகிறது என்று சிலர் கேட்கலாம். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தாம் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், இத்தாலியப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களிடம் இதைக் குறித்தே உரையாற்றினார். உடலழகு ஒரு நன்மையே, ஆயினும் நன்மைகளில் அது தலையாயதன்று என்றார். நோக்கம் நேரியதாயிருத்தல், உடல்நலத்திற்குப் பெருங்கேடு நேராதிருத்தல், மேற்கொள்ளும் முறைக்கு ஏற்ற தக்க காரணம் இருத்தல் ஆகிய மூன்றையும் அவர் எடுத்துரைத்தார். அவர் பேசியது ஹூஸ்டன் சிகிச்சைக்கு நான்காண்டுகள் முன்பு. எனினும் அம்மூன்றும் இன்றும் எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத் தக்கவை.

இறுதியாகக் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மகளோ மனைவியோ இவ்வெண்ணத்தை வெளியிட்டால், சினந்து விரட்ட வேண்டா, நகைக்கவும் வேண்டா. எப்போது இவ்வெண்ணம் தோன்றியது, யார் சொன்ன சொல் தைத்தது என்று அமர்ந்து கேட்போம். பல வேளைகளில் அது கணவரின் விளையாட்டுப் பேச்சாகவோ, பெண் பார்த்துவிட்டுச் சென்றோர் வீசிய சொல்லாகவோ இருக்கும். அச்சொல்லால் உண்டான புண்ணுக்குக் கத்தி மருந்தாகாது. கேட்டபின்னும் அவள் விருப்பம் மாறாதிருந்தால், தகுதியுள்ள மருத்துவரிடம் அவளுடன் நாமும் செல்வோம். மேற்கூறிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வோம்.