தனியாக வந்தவருக்கு மட்டும் பூங்காச் சவாரியில் எப்படிச் சீக்கிரம் இடம் கிடைக்கிறது?

கலிபோர்னியா டிஸ்னி பூங்காவில் 2012-இல் திறந்த ‘ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸ்’ சவாரிக்கு எப்போதும் நீண்ட வரிசை. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு வரிசை விறுவிறுவென்று நகரும். அது தனியாள் வரிசை. என்ன மாயம்?

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். குடும்பங்கள் சேர்ந்து உட்கார்ந்தபின் நடுவே ஓர் இலை காலி. “ஒருத்தர் மட்டும் வாங்க!” என்று குரல் வரும். தனியாக நின்றவருக்கு யோகம்!

இங்கும் அதே கதைதான். இந்தச் சவாரியின் ஒரு காரில் மூன்று மூன்றாக ஆறு இருக்கைகள். நான்கு பேர் கொண்ட குடும்பம் ஏறினால் மிச்சம் இரண்டு. அடுத்து நிற்பதும் நால்வர் குடும்பம் என்றால்? அந்த இரண்டும் காலியாகவே ஓடும். அவற்றை நிரப்பத்தான் தனியாள் வரிசை.

அப்படியானால் எல்லோரும் அங்கே போய்விடலாமா? கூடாது. மிச்ச இருக்கைகள் கொஞ்சம்தான்; கூட்டம் சேர்ந்தால் அதுவும் ஊர்ந்துதான் போகும்.

பிரிந்து உட்காரச் சம்மதமா? தனியாள் வரிசைக்குப் போங்கள். சேர்ந்துதான் போக வேண்டுமா? கூட்டம் சேருமுன், பூங்காக் கதவு திறக்கும்போதே போய் நில்லுங்கள்.