விடுமுறை முகாமின் பின்கதவு

ஏப்ரலோ ஓகஸ்டோ, பாடசாலை விடுமுறை விட்டதும் நாவற்குடாப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்காது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் கல்முனை வீதி. இந்த ஒடுங்கிய மணல் நிலத்தில் விடுமுறை முகாம் ஒன்று நடந்தால் பெற்றோர் பார்ப்பது கடைசி நாள் மேடையை மட்டும்தான்: பொன்னாடை, பேச்சு, நடனம், சான்றிதழ். அதெல்லாம் கிடக்கட்டும். நாங்கள் பின்கதவால் போவோம். சத்தம் போடாமல் வாங்க! ஐயோ, உள்ளே மேடையைவிடச் சத்தம்!

கைதேர்ந்த முகாம்காரரின் முதல் கள்ளத்தனம் வர்ணப் பெட்டியில் இருக்கிறது. பத்துப் பிள்ளைகளுக்கு நாலே நாலு தூரிகைதான் வைப்பார். காசு போதாமல் இல்லை, வேணுமென்று செய்கிற வேலை! “தாவன் கா!” “பொறு, மறுகா தாறன்.” முகம் சுருங்கும், குரல் ஏறும். பெரியவர் எட்ட நின்று, பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் தூரிகை தானாகக் கைமாறும். கேட்கவும் பொறுக்கவும் விட்டுக்கொடுக்கவும் பிள்ளை பழகுவது அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். நடுவில் பாய்ந்து தீர்ப்புச் சொன்னால் எல்லாம் கெட்டது.

இந்த வித்தைக்கு மட்டக்களப்பில் பழைய வரலாறு உண்டு. கனடாவின் ரொறன்ரோவில் எண்பதுகளில் ஸ்பைரல் கார்டன் என்றொரு கோடைகால முகாம் தொடங்கியது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே தோட்டத்தில் களிமண் பிசைந்து, செடி நட்டு, கதை கட்டி விளையாடுவார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஓவியர் போல் ஹோகனும், இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் 1996இல், போர் உச்சத்தில் இருந்தபோது, இங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் திறந்தார்கள். கோடை முகாம் கடல் கடந்து வாவிக்கரைக்கு வந்துவிட்டது!

பூங்காவின் பஸ் தமிழ்க் கிராமத்துக்கும் போனது, முஸ்லிம் கிராமத்துக்கும் போனது. இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் ஏற்றி வந்தது. நாவற்குடாவிலிருந்து மஞ்சந்தொடுவாய் தாண்டினால் முஸ்லிம் ஊரான காத்தான்குடி; சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். இரு பக்கமும் பேசுவது ஒரே தமிழ். ஆனாலும் 1990இல் இரு பக்கமும் சிந்திய இரத்தத்துக்குப் பிறகு அந்தத் தூரம் எவ்வளவு நீண்டது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பூங்காவில் யாரும் “ஒற்றுமையாக இருங்கள்” என்று பாடம் எடுக்கவில்லை. ஒரே களிமண்ணில் சேர்ந்து பொம்மை செய்யவும், ஒரே கதையைச் சேர்ந்து நடிக்கவும் விட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள் என்று ஒன்பது மாதம்.

சும்மா சேர்த்து வைத்தால் மட்டும் போதாதா? 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் 22 பையன்களை வைத்து ஒரு கோடை முகாம் நடத்தினார். இரண்டு அணியாகப் பிரித்துப் பரிசுப் போட்டி வைத்ததும் பையன்கள் எதிரணியின் கொடியை எரித்தார்கள், குடிலுக்குள் புகுந்து சூறையாடினார்கள். சேர்த்து வைத்துச் சோறு போட்டுப் பார்த்தார். சாப்பாட்டையே எடுத்து எறிந்தார்கள்! மறுகா ஒரு தந்திரம். தண்ணீர்க் குழாய் அடைபட்டது, சாப்பாடு எடுக்கப் போகிற லொறி நின்றுபோனது. பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்பு ஒருவரையொருவர் இழுத்து விழுத்திய அதே வடக்கயிற்றை லொறியில் கட்டி, இரு அணியும் சேர்ந்து இழுத்தார்கள். வீடு திரும்பியது ஒரே பஸ்ஸில். வழியில் ஓர் அணி தான் வென்ற ஐந்து டொலரில் எல்லோருக்கும் பால்பானம் வாங்கிக் கொடுத்தது.

எங்கள் கடற்கரைக்கு இது புதினமா? கரைவலைக் கயிற்றை இழுக்கிறவர்களைக் கேளுங்கள். பக்கத்தில் நிற்பவன் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துக்கொண்டிருந்தால் வலை கரைக்கு வராது.

ஆகவே, அடுத்த விடுமுறைக்கு முகாம் போடத் திட்டமிடும் கழகக்காரரே, ஆசிரியரே: கேடயத்துக்கு ஒதுக்கிய காசில் பாதியை பஸ்ஸுக்கு மாற்றுங்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையும் ஏற்றி வாருங்கள். தூரிகையைக் குறையுங்கள், கூடிச் செய்யும் வேலையைக் கூட்டுங்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.